பெயிண்ட் போகாமல்

நீ கேட்டது ஒரே வரி. "பழைய ஸ்டிக்கர் எடுக்கணும், பெயிண்ட் போகக் கூடாது, எப்படி எடுக்கிறது?" கீழே ஒரு படம். அவ்வளவுதான். போன திங்கட்கிழமை காலையில், நான் ஓட்டும் வேனில் வந்த பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பிறகு பார்த்தேன். எட்டு வருடங்களில் நீ எனக்கு நேராக அனுப்பிய முதல் வரி. மேலே அப்பா என்று இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த மாதம் தாம்பரத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் உனக்குக் கல்யாணம். அம்மாவை வரச் சொல்லியிருக்கிறாய். என்னைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் வரலாமா, கூடாதா என்று தெரியாமல் இந்த வீட்டில் இரண்டு பேர் மூன்று வாரமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறோம். இந்த நேரத்தில் ஸ்டிக்கர் எடுப்பது எப்படி என்று கேட்கிறாய். செல்போனில் தட்டினால் நூறு பேர் வீடியோ போட்டுச் சொல்லித் தருகிறார்கள். என்னைத்தான் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அது கேள்வியா, அடியா, தெரியவில்லை. கேள்வி என்றே எடுத்துக்கொள்கிறேன். முதலில் பதில். பிறகு மற்றது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கார். பின்கண்ணாடி முழுக்க, கொட்டை எழுத்தில், யாருடைய வம்சத்துப் பெயரோ. இரண்டு கதவுகளிலும் இரு நிறப் பட்டை. நடுவில் ஒரு சின்னம். வேறு மாவட்டத்துப் பெயர். வேறு நிறங்கள். ஆனால் நம் பழைய வண்டியில் இருந்த அதே தடிமன். காரை வாங்கி மூன்று நாள் ஆகிறது என்று அம்மா சொன்னாள்.

முதலில் வண்டியைக் கழுவிக் காயவிடு. மண் ஒட்டியிருந்தால் துடைக்கும்போது அந்த மண்ணே கீறிவிடும். நிழலில் நிறுத்து. தலைமுடி உலர்த்தும் ட்ரையர் ஒன்று வேண்டும். நீ கல்யாணம் செய்யப்போகிற பெண்ணிடம் இருக்கும், கேட்டு வாங்கு. ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டு. நடுநடுவே உள்ளங்கையை வைத்துப் பார். கை தாங்காத சூடு பெயிண்டுக்கும் ஆகாது. பசை இளகியதும் ஓரத்தை நகத்தால் தூக்கு. நகம் ஏறாவிட்டால் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. பிளேடு வேண்டாம். உனக்குத் தெரியும். தூக்கிய முனையை நேராக உன் பக்கம் இழுக்காதே. பின்னுக்கு மடக்கி, கதவை ஒட்டியே, மெதுவாக உரி. அவசரப்பட்டால் மேல்தாள் மட்டும் கையோடு வரும், பசை அங்கேயே நிற்கும். சின்னம் தடிமனாக இருக்கும், அதற்குக் கார்டு போகாது. நூல் வேண்டும். அம்மா வேலை செய்கிற இடத்தில் அறுந்து விழும் பட்டு நூலைக் குப்பையில் போடுவார்கள். அதில் ஏழெட்டு இழை சேர்த்து முறுக்கி, இரண்டு கை விரலிலும் சுற்றிக்கொண்டு, சின்னத்துக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு, மரம் அறுப்பதுபோல இப்படியும் அப்படியும் இழு. பட்டு அறுக்கும், கீறாது. நைலான் என்றால் சூட்டில் இளகிவிடும். இந்தக் கவருக்குள் ஒரு சின்ன உருண்டை வைத்திருக்கிறேன். அம்மாதான் முறுக்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

மிச்சம் நிற்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெய். தடவிப் பத்து நிமிடம் விட்டுவிடு. பழைய பனியன் துணியால் தேய். தின்னர் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டவே வேண்டாம். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு பாலிஷ். இன்னொன்று. அந்தக் கதவுக்கு எப்போதாவது மறுபடி பெயிண்ட் அடித்தார்களா என்று விற்றவரிடம் கேள். கம்பெனியில் அடித்த பெயிண்ட் நிற்கும். பட்டறையில் அடித்தது ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து வரும். எல்லாம் எடுத்த பிறகும் அந்த இடம் தெரியும். சுற்றிலும் வெயிலில் மங்கியிருக்கும், அடியில் மட்டும் புதிதாக இருக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சில மாதம் வெயிலில் ஓடினால் குறையும். எவ்வளவு நாள் வெயில் பட்டதோ அவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதில் கணக்கு. நீ மூன்றாம் நாள் கேட்கிறாய். எனக்குப் பதினோரு மாதம் ஆனது.

பதில் முடிந்தது. நீ இங்கேயே நிறுத்திவிடலாம். நான் நிறுத்த முடியாது.

நம் காலனியில் டிகிரி முடித்த மூன்றாவது ஆள் நான். சரித்திரம் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் டிரைவராகச் சேர்ந்தேன். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சுற்று வட்டாரம் முழுக்க அண்டாவும் குண்டானும் ஏற்றிக்கொண்டு போவேன். பதினான்கு வருடம். ஊருக்குள் வண்டி நுழைந்ததும், வேலை சொல்வதற்கு முன்பே, ஊர் பேரைக் கேட்பார்கள். தெருவைக் கேட்பார்கள். சொன்னதும் கேள்வி நின்றுவிடும். தண்ணீர் கேட்டால் வரும். பிளாஸ்டிக் டம்ளரில் வரும். குடித்ததும் தூக்கிப் போட்டுவிடச் சொல்வார்கள். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்காரர்களும் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருப்பார்கள். என் அப்பாவுக்கு இவர்களுடைய வயலில் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். எனக்கு டம்ளர். உனக்கு அதுவும் இருக்காது என்று நினைத்துப் படிக்க வைத்தேன். இதையெல்லாம் உன்னிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

நீ பிளஸ் டூ முடித்த வருடம் அந்தக் குட்டி யானையை வாங்கினேன். சின்ன லோடு வண்டிக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர்தான். வாலாஜாபாத்தில் ஒரு புரோக்கர் மூலமாக வந்தது. வெள்ளை. முன்கண்ணாடிக்கு மேலே அந்தப் பெயர். இரண்டு கதவிலும் அந்தப் பட்டை, அந்தச் சின்னம். பின்பலகையில் மறுபடி அந்தப் பெயர். எந்தப் பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி ஒட்டியதுபோல் ஆகும். என் அப்பா யாருடைய நிலத்தில் கூலி வேலை செய்தாரோ அவர்களுடைய பெயர் என்று மட்டும் போதும். வாங்கிய அன்றே பெயிண்டர் பாயிடம் கொண்டுபோனேன். செவிலிமேடு ரோட்டோரம் பட்டறை வைத்திருந்தாரே, அவரிடம். "ரெண்டு நாள் வுட்டுட்டுப் போ சார், நீட்டா எடுத்துத் தரேன்" என்றார். மறுநாள் காலையில் எனக்கு முதல் லோடு. சொந்த வண்டியில் முதல் லோடு. வந்து விடுகிறேன் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முசரவாக்கம் தாண்டி ஓர் ஊர். ஊர் பெயர் எழுதிய வளைவுக்குக் கீழே எப்போதும் நான்கைந்து இளைஞர்கள் பைக் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள்தான் ஊர் பேரைக் கேட்பவர்கள். அன்றைக்கு ஒருவன் வண்டியின் நெற்றியைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். வணக்கம் மாதிரி. நானும் தூக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு பொய் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் இறங்கியதும் ஒருவர் ஓடி வந்தார். "வாப்பா வாப்பா, வெயில்ல வந்துக்கினு இருக்க, உள்ள வா. ஏ பொண்ணு, மோரு எடுத்தா." எவர்சில்வர் சொம்பு. அவர் வாய் வைத்துக் குடித்த சொம்பு. எனக்கு அன்றைக்கு நாற்பது வயது. சொம்பு கையில் வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கிக் குடித்தேன். "அட, வாய் வச்சிக் குடிப்பா, நமக்குள்ள இன்னா" என்றார்.

நமக்குள்ளே. இரண்டு நாள் அந்த வார்த்தையோடு வண்டி ஓட்டினேன்.

பிறகு காரணங்கள் வந்தன. முகூர்த்த மாதம், பட்டறையில் விட நேரமில்லை. மழை, ஈரத்தில் சரியாக உரியாது. வெயில், பெயிண்ட் சூடு. அம்மாதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அத்த எப்பத்தான் எடுக்கப்போற?" "எடுக்கலாம்மா." "எடுக்கலாம் எடுக்கலாம்னு ஆடி போயி ஆவணி வந்துட்ச்சி. வண்டி நம்முது. பேரு எவன்து?" "பேருல இன்னா இருக்குது, ஓடறது வண்டிதான?" "அப்பிடின்னா உன் பேர எழுதி ஒட்டு, அதுவும் ஓடுதான்னு பாப்போம்." அவள் எட்டாவது வரை படித்தவள். நான் சரித்திரம் படித்தவன். சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவில்லை. மார்க்கெட்டுக்குக்கூட பஸ்சில் போனாள். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு இது தெரியாது.

நான் அந்த மாதங்களில் மாறினேன். அதையும் எழுத வேண்டும். தெருவில் நிமிர்ந்து நடந்தேன். ஊர் பேரைக் கேட்டால் வந்தவாசிப் பக்கம் என்றேன். யாருடைய வகையறா என்று கேட்டால் ஒரு பெயர் சொன்னேன். அது வண்டியை விற்றவருடைய அப்பா பெயர், ஆர்.சி. புத்தகத்தின் பழைய தாளில் இருந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நம் காலனி ஆட்களைப் பற்றி அவர்கள் பேசியதைக் கேட்டேன். ஒருமுறை தலையாட்டினேன். தலையாட்டியது எனக்கு நினைவிருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது நினைவில்லை. நினைவில்லை என்பதும் பொய். இருக்கிறது. உனக்கு எழுத முடியவில்லை.

பொங்கல் லீவில் நீ வந்தாய். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் எடுக்கலையாப்பா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று தயாராக வைத்திருந்தேன். நீ கேட்காததால் அது வாயிலேயே நின்றுவிட்டது. லீவின் கடைசியில் தென்னேரி தாண்டி ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். லோடு ஆள் வரவில்லை. "நான் வரேன்பா, அண்டா தூக்கறதுதான?" என்று நீயாகவே ஏறி உட்கார்ந்தாய். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நீ என்னோடு வண்டியில் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஏரிக்கரை ரோட்டில் நீ கண்ணாடியை இறக்கிவிட்டுக் காலேஜ் கதை சொன்னாய். ஒரு புரொபசர் மாதிரி பேசிக் காட்டினாய். நான் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அந்த அரை மணி நேரம்தான் என்னிடம் கடைசியாக இருப்பது.

நீ நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தாய். என்னை அந்த வீட்டுப் பெரியவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் பந்தி. இலை போட்டுவிட்டார்கள். பையனும் வரட்டும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வாசலில் ஒரு சத்தம். அந்த வீட்டுப் பையன் ஒருவன் உன்னோடு காஞ்சிபுரத்தில் படித்தவனாம். "டேய், நீயாடா? இங்க இன்னாடா பண்ற?" என்று முதலில் சந்தோஷமாகத்தான் கேட்டான். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னான், "பெரிப்பா, இவன் எங்க ஸ்கூல்ல படிச்சவன். அந்தக் காலனி பையன்." அதையும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அடையாளம் சொன்னான். கூடத்தில் பேச்சு நின்றது. பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, உங்கூட வந்தவன் யாரு?"

எனக்கு நேரம் இருந்தது. யோசிக்க நேரமில்லை, தானாக வந்துவிட்டது என்று எட்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவில் நீளமான நேரம் இருந்தது. இலையில் உப்பு வைத்துக்கொண்டு போனார்கள். அந்த உப்பைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"லோடு எறக்க வந்த பையன்ங்க. கூலிக்கு."

நிமிர்ந்தால் நீ நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கிறாய். இரண்டு கையிலும் நாற்காலி. கேட்டுவிட்டாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நம் முகம் ஒன்றுபோல இருக்கும் என்று ஊரே சொல்லும். அப்போது நீ சொன்னாய். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை.

"சேர் எங்க போடறதுங்கண்ணா?"

அண்ணா. கூலிக்கு வந்த பையன் டிரைவரைக் கூப்பிடுவது போலவே. என் பொய்யை நீ தாங்கிப் பிடித்தாய். பதினெட்டு வயதில், அந்த நொடியில், உனக்கு எப்படி அது தோன்றியது என்று நான் யோசிக்காத நாள் இல்லை. கோபத்தில் சொன்னாயா, இல்லை, அப்பா மாட்டிக்கொண்டால் அடிப்பார்களே என்று சொன்னாயா? இரண்டில் எது என்று தெரிந்தால் போதும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இப்போது தெரிய வேண்டாம் என்று தோன்றுகிறது. பெரியவர், "அவனுக்கு வெளியில குடுத்துடுங்கடா" என்றார். பேச்சு மறுபடி தொடங்கியது. நான் சாப்பிட்டேன். எழுந்து வந்துவிடவில்லை. சாம்பார், ரசம், பாயசம், மோர் வரைக்கும் சாப்பிட்டேன். நீ பந்தலுக்கு வெளியே, வண்டியின் நிழலில், தையல் இலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நீயும் சாப்பிட்டாய். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று சாப்பிட்டாய் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது நீ முன்னால் ஏறவில்லை. பின்னால் காலிப் பலகையில் உட்கார்ந்துகொண்டாய். நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் நான் மதியம் வீட்டுக்கு வந்தபோது நீ கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். பிளேடு உடைந்து, கத்தி எடுத்து, அதற்குப் பிறகு உப்புத்தாள். முன்கண்ணாடிக்கு மேலே இருந்த பெயர் போயிருந்தது. சின்னம் போயிருந்தது. பெயிண்ட் போய், அதற்கடியில் இருந்த பூச்சு போய், இரண்டு கதவிலும் தகரம் தெரிந்தது. உன் விரலெல்லாம் ரத்தம். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னை அவள் தடுக்கவில்லை. நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். "பெயிண்ட்டு பூரா போச்சேடா!" என்று கத்தினேன். நீ உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாய். "சாரிங்கண்ணா. என் கூலில புடிச்சிக்குங்க" என்றாய். அன்று சாயங்காலம் பஸ் ஏறினாய். அம்மா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "அவன் இன்னாத்துக்கு உன்ன அண்ணான்றான்?" நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பெயிண்டுக்காக அடித்தேன் என்று நீ நினைத்திருந்தால், இல்லை. பெயர் போயிற்று என்று அடித்தேன். எது போயிற்று என்று எனக்குத் தெரியும். நாளை முதல் அந்த வளைவுக்குக் கீழே மறுபடி நான் யாரென்று சொல்ல வேண்டும் என்பதற்காக என் பிள்ளையை அடித்தேன்.

பாய் கதவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னா சார் இது, ஸ்டிக்கர எடுத்தீங்களா, ஆட்டுத் தோல உரிச்சீங்களா? பசை மேலதான சார் ஒட்டிக்கினு இருக்குது, நீங்க ஏன் தகரம் வரைக்கும் போனீங்க?" நூல் போட்டு அறுப்பதையும், தேங்காய் எண்ணெயையும் அப்போதுதான் அவர் பின்பலகையில் செய்து காட்டினார். பின்பலகைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கதவுகளுக்கு அவர் அடித்த வெள்ளை, மற்ற வெள்ளையோடு சேரவே இல்லை. அப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். வளைவுக்குக் கீழே நிறுத்திக் கேட்டார்கள். சொன்னேன். "அப்ப அந்த ஸ்டிக்கரு?" என்று ஒருவன் கேட்டான். "வாங்கறப்ப இருந்தது" என்றேன். பாதி ஊர்களில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். கூப்பிட்ட இடங்களில் பிளாஸ்டிக் டம்ளர். பிறகு வண்டியை விற்றேன். வாங்க வந்தவர் கதவைத் தடவிப் பார்த்து, "ஆக்சிடென்டா?" என்றார். "இல்லைங்க. சின்னப் பையன், வெளையாட்டா கீறிட்டான்" என்றேன். பார், அங்கேயும். பழியை உன்மேலேயே போட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் நாம் யார் என்று முதல் நாளே சொல்லிவிட்டாயாம். அம்மா பெருமையாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள். அதனால் இது புத்தி இல்லை, என் அனுபவத்தில் தெரிந்தது. யாராவது உன்னை வேறு ஆள் என்று நினைத்து மரியாதை கொடுத்தால், அந்த முதல் நிமிடத்திலேயே இல்லை என்று சொல்லிவிடு. முதல் நிமிடத்தில் சொன்னால் கொஞ்சம் முகம் சுருங்கும், அவ்வளவுதான். ஒரு நாள் தள்ளினால் இரண்டாவது நாளுக்கு ஒரு காரணம் தேவைப்படும். பதினோரு மாதம் தள்ளினால் உன் பிள்ளையே எதிரில் வந்து நிற்கும்போதும் நீ உப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அந்த மோர் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. நாற்பது வருடம் கிடைக்காத ஒன்று கிடைத்தது. அது எனக்காக வரவில்லை என்று தெரிந்தும் குடித்தேன். அப்படி ஆசைப்பட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. மனிதன் என்றால் ஆசைப்படுவான். அதற்கு விலையாக உன்னைக் கொடுத்தேன். வெட்கம் அதற்குத்தான்.

இந்தக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். இதைச் சொல்லி உன் கல்யாணத்தில் இடம் கேட்கவில்லை. நீ வேண்டாம் என்றால் அம்மாவைத் தாம்பரம் பஸ்சில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கேள்வி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஏரிக்கரையில் இறங்கி நடந்து, அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் இருக்கிறார். தளர்ந்துவிட்டார். வாசலில் வேப்பமரத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "யாருப்பா?" என்றார். "அண்டா வண்டி ஓட்டிக்கினு வருவேங்க. உங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்தேன்." "கல்யாணம்லாம் முடிஞ்சி போச்சிப்பா, இப்ப ஒண்ணும் வேணாம்." "வண்டி விஷயம் இல்லைங்க. அன்னைக்கி எங்கூட ஒரு பையன் வந்தான். யாருன்னு கேட்டீங்க. கூலிக்கு வந்தவன்னு சொன்னேன்." "எந்தப் பையன்?" அவருக்கு உன்னை நினைவில்லை. என்னை நினைவில்லை. அப்படி ஒரு கேள்வி கேட்டதே நினைவில்லை. எட்டு வருடம் நம் வீட்டில் யாரும் சரியாகப் பேசாமல் போனதற்குக் காரணமான அந்த மதியம், அவர் வீட்டில் இல்லவே இல்லை. வந்த வழியே திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நம் ஊரைச் சொன்னேன். நம் தெருவைச் சொன்னேன். வந்தவாசி இல்லை என்றேன். "அவன் என் பையங்க" என்றேன்.

அவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். காது மந்தம். "இன்னா சொல்ற? உரக்கச் சொல்லு."

உரக்கச் சொன்னேன். உன் பெயரை, என் இனிஷியலோடு, முழுசாகச் சொல்லி, அவன் என் பையன் என்றேன். வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் வந்து நிலைப்படியில் நின்றார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. அதுக்கு இன்னா இப்ப?" என்றார்.

மறுபடி ஒருமுறை சொன்னேன். அந்த முறை சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை.